சல்லடையில் வந்த எண்ணெய்

முன்னொரு காலத்தில், மலையடிவார நாடு ஒன்றை ஆண்ட மன்னருக்கு எப்போது என்ன ஆசை வரும் என்று அவருக்கே தெரியாது. போதாததற்குக் கருவூலத் தலைவர் சோமநாயகர் வேறு அவர் காதைக் கடித்துக்கொண்டே இருப்பார். விகடகவி சிலம்பன்மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல்.

ஒரு மார்கழி மாலையில் மன்னர் சிலம்பனை அழைத்தார்.

"நாளைக் காலை சபை கலைவதற்குள், செக்கடியிலிருந்து தேங்காய் எண்ணெயைச் சல்லடையில் ஏந்தி வர வேண்டும். ஒரு சொட்டும் தரையில் விழக் கூடாது. தவறினால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடு!"

சிலம்பன் வீட்டுக்கு ஓடினான். மனைவி நாச்சிக்கோ நிறைமாதம். அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திப் போவது? எப்போதுமே கால் தரையில் பாவாத மனிதன். அன்று வீட்டுக்குள் நாற்பது சுற்றுச் சுற்றினான்.

"ஒரு இடத்துல நில்லுங்களேன், தலை சுத்துது! விளக்குக்கு எண்ணெயாச்சும் ஊத்துங்க" என்றாள் நாச்சி.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. குளிரில் உறைந்து போயிருந்தது. சிலம்பன் துள்ளிய துள்ளலில் கூரை தப்பியது புண்ணியம்!

விடிந்ததும் செக்கடிக்கு ஓடினான். தாழம்பூ போட்ட எண்ணெய் அங்கே உறைந்து கிடந்தது. கட்டியாகத் தோண்டிச் சல்லடையில் வைத்துக்கொண்டு அரண்மனைக்குப் பறந்தான். சோமநாயகர் லேசுப்பட்டவரா? சபைக் கதவைச் சாத்தித் தாழிட்டு வைத்திருந்தார்.

தட்டினான், கத்தினான், குதித்தான். உள்ளே மேளச் சத்தம். வெயில் ஏறியது, எண்ணெய் இளகியது. முதல் சொட்டு திரளும்போது சல்லடையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். கேசம் எண்ணெயைக் குடித்தது.

உள்ளே மன்னர் மூக்கை உறிஞ்சினார். "தாழம்பூ மணம் எங்கிருந்து வருகிறது? கதவைத் திற!"

சிலம்பன் நுழைந்தான். "ஏமாற்று வேலை, பிரபு! நான் சோதிக்கிறேன்" என்று சோமநாயகர் சல்லடையை அவன் தலையிலிருந்து தன் பக்கம் இழுத்து, அதன் அடியில் குனிந்தார். சொட்... சொட்... வழுக்கைத் தலை பளபளத்தது.

"பார்த்தீர்களா, ஒழுகுகிறது!"

"தரையில் விழவில்லையே, ஐயா" என்றான் சிலம்பன். "மன்னா, எண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கோடி இருக்கின்றன. என்னைப்போலச் சும்மா இருக்கத் தெரியாதவை. குளிரில் தோளோடு தோள் ஒட்டி, நின்ற இடத்திலேயே நடுங்குகின்றன. சூடு பட்டால் ஒன்றையொன்று உரசி நழுவி, கிடைத்த ஓட்டையில் இறங்குகின்றன. தாழம்பூத் துணுக்குகள் சிலவோ பிடியை விட்டுப் பறந்தே விடுகின்றன. தாழிட்ட கதவின் இடுக்கில் புகுந்து தங்கள் மூக்கில் முறையிட்டவை அவைதாம்!"

"கதவைத் தாழிட்டது யார்?" மன்னர் திரும்பினார். எண்ணெய் வழியும் தலையோடு சோமநாயகர் விழித்த விழியைப் பார்த்ததும் கோபம் போய்ச் சிரிப்பு பீறிட்டது. "சிலம்பா, வேண்டியதைக் கேள்!"

"வீட்டுக்குப் போக விடை கொடுங்கள், பிரபு. நாச்சிக்கு விடியும்போதே வலி கண்டுவிட்டது."

"பைத்தியக்காரா, முதலில் சொல்வதற்கென்ன! என் பல்லக்கில் போ. நூறு பொன்னும் பின்னால் வரும்!"

பல்லக்கு வாசலுக்கு வந்தபோது சிலம்பன் தெருமுனை தாண்டியிருந்தான். வெறும் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு நான்கு பேரும் அவன் பின்னால் ஓடினார்கள்.