தகட்டில் விழுந்த கை

பேச்சித்தாய் உப்புத்தாளை எடுத்தால் துரு தானாகவே இறங்கிப் போய்விடும் என்று தூத்துக்குடிப் பட்டறையில் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவள் இரண்டு நாள் தேய்த்துப் பளபளவென்று கிடத்தியிருந்த எட்டு இரும்புத் தகடுகளைப் பார்க்க வந்தார் தரச் சோதனை இன்ஸ்பெக்டர் சந்தானகோபால். அவர் தலையாட்டினால்தான் பெயின்ட் டப்பாவையே திறக்க முடியும்.

வருகிற வழியில் எதிர்க்கடையில் நாலு வாழைக்காய் பஜ்ஜியை முடித்துவிட்டு வந்தவர், முதல் தகட்டில் கையை அகல விரித்து அழுத்திப் பார்த்தார்.

"பிசுபிசுங்குதேம்மா. எண்ணெய் இருந்தா பெயின்ட் எப்படி ஒட்டும்? எட்டையும் முதல்லேருந்து தேய்."

"தேச்சிருதேன் சார். எண்ணெய் எங்க இருக்குன்னு தண்ணி காட்டிக் குடுத்துரும். அதையும் பாத்துட்டுப் போங்க" என்று பேச்சித்தாய் வாளித் தண்ணீரை எட்டுத் தகட்டிலும் ஊற்றினாள்.

ஏழு தகடுகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி படர்ந்து நின்றது. முதல் தகட்டில் மட்டும் ஓரிடத்தில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டது. ஒரு உள்ளங்கை, ஐந்து விரல்கள். மோதிர விரலின் நடுவே மோதிரம் விட்ட இடைவெளிகூடத் தெரிந்தது.

பட்டறை மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு அவர் மோதிரத்தைப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் மெல்லக் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பேச்சித்தாய் புது உப்புத்தாள் ஒன்றைக் கிழித்து மடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"முதல்லேருந்து தேய்க்கச் சொன்னீங்க. கையை நீட்டுங்க சார்."