கோப்பையோடு நின்ற பதினொரு பேர்

"மாஸ்டர், இது ஆதாரம்தானே?"

சங்கிலிமுத்து கண்ணாடிச் சட்டத்தை மேசைமேல் வைத்தார். துண்டால் துடைத்தார். போதாதென்று இன்னொரு தடவையும் துடைத்தார்.

படத்தில் பதினொரு தோட்டத் தொழிலாளர்கள். நடுவில் கோப்பை. கோப்பையைப் பிடித்திருக்கும் இளைஞன் இதே சங்கிலிமுத்து, இருபத்து நான்கு வயதில்.

"எதுக்கு ஆதாரம்?" என்றார் ரூபவதி.

"திருட்டுக்கு."

சொன்னவருக்கு இப்போது வயது எழுபது. தேயிலைத் தோட்டச் சங்கத்தில் நாற்பது வருடம் கொடி பிடித்தவர். மூன்று தடவை வேலை போனவர், இரண்டு தடவை உள்ளே போனவர். மலைத்தோட்டக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்ட வரலாற்றைப் படங்களாகத் தொகுக்கச் சங்கம் அவரைத்தான் நியமித்தது.

படம் பார்க்கத் தெரியாதவன் பட வரலாறு எழுதக் கூடாது. அதனால் தன்னைவிட ஒன்பது வயது இளையவரான ரூபவதியிடம் சீடராகச் சேர்ந்தார். மலையில் மிஞ்சிய ஒரே பழைய ஸ்டூடியோ அவருடையது. லீக் நடந்த இருபத்தோரு வருடமும் இறுதி ஆட்டத்துக்குப் படம் எடுத்தவர் அவருடைய தகப்பனார்.

ரூபவதி கட்டணம் வாங்கவில்லை. ஒரே நிபந்தனை: படத்தைப் பார்க்கும்போது பேசக் கூடாது.

மேடையில் பிழைத்தவருக்கு அதைவிடப் பெரிய கட்டணம் கிடையாது.

"எழுபத்தெட்டு ஃபைனல்," என்றார் சங்கிலிமுத்து. "கடைசி ஃபைனல். எங்க கீழ்ப்பிரிவுத் தொழிலாளர் அணியும் ஆபீஸ் அணியும். ஜெயிச்சது நாங்க. அதான் கோப்பை எங்க கையில இருக்கு. அப்புறம் தோட்டத் துரை ரெஃப்ரியைக் கூப்பிட்டு முடிவையே மாத்திட்டார். கம்பெனிப் புத்தகத்துல ஆபீஸ் அணி பேர் ஏறிடுச்சு. அடுத்த வருஷம் ஸ்டிரைக். கம்பெனிக்காரன் லீக்கை நிறுத்திட்டு கிரவுண்டுல தேயிலை நட்டுட்டான். இதுவும் அன்னைக்கு அந்த ஆட்டத்துல போனதுதான்."

மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. மே தினம் தவறாமல் கூட்டத்துக்குக் காட்டிய ஓட்டை. பல் கட்டச் சொன்ன டாக்டரிடம், "அது எங்க சங்க ஆபீஸ் வாசல், அடைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். சிவப்பு மை.

'திருடப்பட்ட கோப்பை! நாற்பத்தாறு ஆண்டுப் பொய் கிழிகிறது! ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்கக் கட்டடத்தில். ஆதாரம் காண அலைகடலெனத் திரண்டு வாரீர்!'

"மலைமேல ஏது அலைகடல்?" என்றார் ரூபவதி.

"அது வழக்கமாப் போடுறது."

"விநியோகம் ஆயிடுச்சா?"

"நேத்தே. ரெண்டாயிரம்."

"என்கிட்ட கேக்க இன்னைக்கு வந்திருக்கீங்க."

"நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மாஸ்டர். ஆபீஸ்காரன்கிட்டயும் கோப்பையோட ஒரு படம் இருக்கு. அது பின்னால செட்டப் பண்ணினதுன்னு நீங்க சொல்லணும். அத்தோட அவன் வாய் அடைச்சிடும்."

ரூபவதி எழுந்து போனார். உள்ளேயிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார்.

"எழுபத்தெட்டுக்கு முந்தின இருபது ஃபைனல். அப்பாவோட ஃபிலிம்லேர்ந்து போன மாசம் நான் பிரிண்ட் போட்டேன். வருஷத்துக்கு ரெண்டு அணி, ஆக நாற்பது படம். ஜெயிச்சவங்களைச் சன்னல் பக்கம் வைங்க. தோத்தவங்களைக் கதவுப் பக்கம்."

"இதுக்கும் அதுக்கும் என்ன மாஸ்டர்..."

"பேசக் கூடாது."

சங்கிலிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இது ஒரு வேலையா? தோற்றவன் முகத்தை அவர் பார்க்காத நாள் உண்டா?

முதல் படம். கோப்பையோடு நிற்கிறார்கள். சன்னல் பக்கம்.

இரண்டாவது படம். கோப்பை. நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள். சன்னல் பக்கம்.

மூன்றாவதும் அப்படித்தான். நான்காவதும் அப்படித்தான்.

நாற்பது படமும் சன்னல் பக்கம் போய்ச் சேர்ந்தன. கதவுப் பக்கத்துத் தரை காலியாகக் கிடந்தது.

"மாஸ்டர், தோத்தவன் ஒருத்தன்கூட இல்லையே!"

"பாதிப் பேர் அவங்கதான்."

"அப்ப பாதி மோசடி! கம்பெனி வேலை! நான் அன்னைக்கே சொன்னேன்!"

"எந்தப் பாதி?"

சங்கிலிமுத்து ஒரு படத்தைக் கையில் எடுத்தார். திரும்ப வைத்தார்.

ரூபவதி பூதக்கண்ணாடியை எடுத்து, சட்டத்துக்குள் இருந்த படத்தின்மேல் வைத்தார். "இதையும் பாத்துடுங்க. நீங்க சிரிக்கிறீங்க."

குனிந்து பார்த்தார்.

இளைஞன் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தான். மேல் வரிசைப் பல் ஒன்றுவிடாமல் இருந்தது.

அவர் நாக்கு தானாகவே முன்பல் ஓட்டையைத் தொட்டது.

மலையில் நாலரை மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். ஆட்டம் முடியும்போது கோல்கம்பமே கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரூபவதியின் தகப்பனார் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு அணிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பையோடு நிறுத்திப் படம் எடுத்துவிடுவார். ஜெயித்த அணிக்கு மட்டும் பிரிண்ட் போடுவார். தோற்ற அணி ஃபிலிமோடு பெட்டிக்குள் போய்விடும். வரலாறும் அப்படித்தான் ஸ்டூடியோ நடத்துகிறது.

மலையில் அன்று எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். சங்கிலிமுத்துவுக்கும் தெரிந்ததுதான்.

"தோத்த அணிக்கு அப்பா பிரிண்ட் போட்டது ஒரே ஒரு தடவை," என்றார் ரூபவதி. "ஆட்டத்துக்கு மறுநாள் காலையில ஒருத்தர் வாய் வீங்கிப்போய் வந்தார். படம் கேட்டு அழுதார். தண்ணி கொண்டுவந்து குடுத்தது நான்தான்."

"நான் அழலை."

"சரி."

"கொஞ்சம்தான் அழுதேன்."

ரூபவதி பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டார்.

"நாற்பத்தாறு வருஷம் மாஸ்டர். நானே நம்பிட்டேன்."

"முதல் மேடையில பேசும்போது பொய்னு தெரிஞ்சிருக்குமே?"

சங்கிலிமுத்து நோட்டீஸை மடித்தார். மறுபடி பிரித்தார். பிறகு, கடைத்தெருவில் கடன் கேட்பவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க படத்துல டச்சிங் பண்ணுவீங்களே. அந்த ஒரு பல்லை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கிட்டா..."

ரூபவதி மறுக்கவில்லை. சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றினார். மிக மெல்லிய தூரிகையை எடுத்துக் கறுப்பு மையில் தோய்த்து அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு புள்ளி போதும்."

சங்கிலிமுத்து தூரிகையை அந்த இளைஞனின் வாய்க்கு நேரே பிடித்தார். கை இறங்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மை தூரிகையிலேயே காய்ந்தது.

"ஒரே பல்லை ரெண்டு தடவை உடைக்கணும்னா வேற ஆளைப் பாருங்க," என்று தூரிகையைக் கீழே வைத்தார். "ஆனா ஞாயித்துக்கிழமை நான் என்ன சொல்லட்டும்?"

"சங்கக் கட்டடச் சுவத்துல படம் மாட்ட எத்தனை ஆணி அடிச்சிருக்கீங்க?"

"வருஷத்துக்கு ஒன்னு. இருபத்தொன்னு."

"நாற்பத்திரண்டு அடிங்க."

ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. இரண்டாயிரம் நோட்டீஸும் வேலை செய்திருந்தன. சுவரில் நாற்பத்திரண்டு படங்கள், ஆண்டுக்கு இரண்டாக. யார் வென்றார் என்று எதன் கீழும் எழுதவில்லை.

முன்வரிசையில் கங்காதரன். எழுபத்தெட்டில் ஆபீஸ் அணியின் கோல்கீப்பர், தலைமை அலுவலகத்தில் ரைட்டர் உத்தியோகம் பார்த்தவர். சட்டைப்பையில் அதே நோட்டீஸ் சிவப்பாகத் தெரிந்தது.

"ஏம்ப்பா சங்கிலி, பொய் கிழியுதுன்னு போட்டிருக்கியே. கிழி, பார்ப்போம்!"

ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். சங்கத்துக்காரர்கள் முறைத்தார்கள். சங்கிலிமுத்து பெஞ்சின்மேல் ஏறினார். வாழ்நாளில் மிகச் சிறிய பேச்சு அது.

"எழுபத்தெட்டு ஃபைனல். ஆபீஸ் அணி ஒரு கோல். நாங்க ஒன்னும் அடிக்கலை. முடிவை யாரும் மாத்தலை. கோப்பையை யாரும் திருடலை. படம் ஆட்டத்துக்கு முன்னால எடுத்தது. மத்ததெல்லாம் நான் சொன்ன பொய்."



"தோழர், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னைக்குத்தான்யா நல்லாருக்கு," என்று இறங்கினார்.

சண்டைக்குத் தயாராக வந்திருந்த கங்காதரனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனார். எழுபத்தெட்டின் இரண்டு படங்களுக்கு முன்னால் நின்றார். ஒன்றில் அவர் அணி, கோப்பையோடு. பக்கத்தில் கீழ்ப்பிரிவு, அதே கோப்பையோடு.

அவர் முகம் சிவந்தது.

"தோத்தோம்னு இப்பதானே உன் வாயால சொன்னே? அப்புறம் எதுக்குய்யா கோப்பையோட நிக்கிறீங்க? கழட்டு அதை!"

"கழட்ட முடியாது."

"ஏன் முடியாது?"

சங்கிலிமுத்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்திரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

"நல்லாப் பாருங்க ரைட்டரே. இன்னும் விசில் ஊதலை."