நடுவில் எழுந்து நிற்பவள்

எமரென்சி டீச்சரை யாராவது சிஷ்யை என்று சொல்லியிருந்தால், சொன்னவருக்கு அன்றைக்குச் சோறு செரித்திருக்காது. டீச்சருக்கு வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. குருவாக வாய்த்த சிஸ்டர் பெனிட்டாவுக்கோ முப்பதும் சொச்சமும். டீச்சர் கழுத்தில் தாலி ஏறிய வருஷம், சிஸ்டர் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வாய்ப்பாட்டில் முட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

ஆனால் தலைமையாசிரியை மதர் சொல்லிவிட்டார்.

"கணக்குல எந்தத் தலைவலி வந்தாலும் சிஸ்டர் பெனிட்டாகிட்ட போங்க. என்கிட்ட வராதீங்க."

கான்வென்ட்டில் மதர் சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்குப் பள்ளி விட்டதும் எமரென்சி டீச்சர் சாக்பீஸ் கையைக்கூடக் கழுவாமல் சிஸ்டரின் அறைக்குப் போனார். சிஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தார். எப்போது போனாலும் ஒரு பொட்டலம் கடலை, ஒரு சிரிப்பு. பார்த்தாலே டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. எல்லாப் பிள்ளைக்கும் கணக்கு வருமா, வராதா?"

"யாருக்கு வரலை?"

"நான் பொதுவாக் கேட்கிறேன்."

"பொதுவா யாருக்கு வரலை?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாரிச்செல்விக்கு. நாலாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள மதர் பதில் கேட்டிருக்காங்க. கணக்குப் பீரியடுக்கு மட்டும் அவளை மூணாம் வகுப்புல கொண்டுபோய் உட்கார வைக்கலாமான்னு."

"வைக்கலாமா?"

"அதைத்தானே உங்ககிட்ட கேட்க வந்தேன். மூணாம் வகுப்புல அவ தம்பி இருக்கான். தினமும் நாலாவது பீரியடு பையைத் தூக்கிக்கிட்டு தம்பி பக்கத்துல போய் உட்காரணும். அவளுக்கும் கஷ்டம்தான். ஆனா நான் என்ன செய்ய? எனக்கும் உயிர் ஒண்ணுதான் இருக்கு."

சிஸ்டர் கடலைப் பொட்டலத்தை நகர்த்தி வைத்தார். டீச்சர் தொடவில்லை.

"வகுப்புல எப்படி இருப்பா?"

"அதுதான் சிஸ்டர் என்னைப் பைத்தியமாக்குது. போர்டுல கணக்கு எழுதிப் போடுவேன். முடிச்சவங்க கையைப் பின்னால கட்டிக்கிட்டு எழுந்து நிக்கணும். நம்ம பள்ளிக்கூடத்துல என்னைக்கும் அதுதானே முறை. முதல்ல எழுந்த மூணு பேரை விடை கேட்பேன். கடைசி மூணு பேரை ஏன் லேட்டுன்னு கேட்பேன். இந்த மாரிச்செல்வி முதல்லயும் இல்ல, கடைசியிலயும் இல்ல. நடுவுல அழகா எழுந்து நிக்கிறா. ஆனா பரீட்சைப் பேப்பரைக் கொடுத்தா முட்டை. கோழிகூட இவ்வளவு தவறாமப் போடாது."

"வேற ஏதாவது?"

"வயிறு. சில நாள் கணக்குப் பீரியடு வந்தாலே வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சுருண்டுடுவா. சில நாள் ஜம்முன்னு இருப்பா. அது என்ன வயிறோ, இஷ்டப்பட்டா வலிக்கும், இல்லாட்டி வலிக்காது. இப்ப சொல்லுங்க. எல்லாப் பிள்ளைக்கும் கணக்கு வருமா, வராதா?"

சிஸ்டர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு உங்க வகுப்பை நான் எடுக்கறேன். நீங்க செய்யற மாதிரியே செய்யறேன். நீங்க அவ பக்கத்துல உட்காருங்க."

"கடைசி பெஞ்சிலயா? நானா?"

"போர்டைப் பார்க்காதீங்க. அவளைப் பாருங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலை வைப்பதுதான் குரு லட்சணம் போலிருக்கிறது என்று டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்றைய சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அதற்கும் சிஸ்டர்தான் காரணம்.

மறுநாள் வியாழக்கிழமை. எமரென்சி டீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் நுழைந்து உட்கார்ந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது. முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தன.

"என்ன இளிப்பு? போர்டைப் பாருங்க."

மாரிச்செல்வி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டீச்சர் பக்கத்தில் உட்காருவது அவளுக்கும் ஒன்றும் திருவிழா இல்லை.

சிஸ்டர் போர்டில் ஒரு வகுத்தல் கணக்கு எழுதினார்.

"முடிச்சவங்க எழுந்து நில்லுங்க."

டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார். மாரிச்செல்வி போர்டை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதோடு சரி. பிறகு அவள் கண் முன்னால் இருந்த தலைகளின் மேல் போனது. ஜோயல் வழக்கம்போல முதலில் எழுந்தான். மாரிச்செல்வியின் உதடு அசைந்தது. இன்னொருத்தி எழுந்தாள். உதடு அசைந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிள்ளைகள் எழ எழ, அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நோட்டில் பென்சில் படவே இல்லை. திடீரென்று பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கணக்கு முடித்த பிள்ளையின் முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது அவள் முகம்.

நோட்டில் ஒரு கோடுகூட இல்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் விளையாட ஓடினார்கள். டீச்சர் மாரிச்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துச் சிஸ்டரின் முன்னால் நிறுத்தினார்.

"பிடிச்சிட்டேன் சிஸ்டர். கையும் களவுமா. ஏட்டி, என்னத்தை எண்ணினே? உண்மையைச் சொல்லு."

மாரிச்செல்வி தரையைப் பார்த்தாள்.

"நிக்கிறவங்கள, டீச்சர்."

"எதுக்கு?"

"முதல் மூணு பேரைக் கேட்பீங்க. கடைசி மூணு பேரைக் கேட்பீங்க. நடுவுல கேட்க மாட்டீங்க."

டீச்சர் அவள் மணிக்கட்டை விட்டார். சிஸ்டர் குனிந்து கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை பேருக்கு அப்புறம் எழுந்தே?"

"பதினைஞ்சு பேருக்கு, சிஸ்டர்."

"அது என்ன பதினைஞ்சு?"

"நாலு பேர் வரலைல்ல. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே பார்த்துக்குவேன். முப்பத்தொண்ணு பேரு. எனக்கு முன்னால பதினைஞ்சு, எனக்குப் பின்னால பதினைஞ்சு."

"நடுவுல எங்கயாவது நின்னாப் போதாதா?"

"சரியா நடுன்னாத்தான் ரெண்டு பக்கமும் தூரம்."

"எல்லாரும் வந்தா?"

"முன்னால பதினேழு." அவள் யோசிக்கவே இல்லை.

"மூணு பேர் மட்டும் வரலைன்னா?"

அவள் டீச்சரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கால் கட்டை விரலைப் பார்த்தாள்.

"அப்ப நடுவே கிடையாது, சிஸ்டர். முப்பத்திரண்டுல நடு வராது."

"அன்னைக்கு என்ன செய்வே?"

"வயிறு வலிக்கும்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு கை கடலை அள்ளி அவள் கையில் கொட்டி, விளையாடப் போகச் சொன்னார். அவள் ஜன்னல் கம்பிபோல விறைத்து நின்றுவிட்டு, அடி விழாது என்று தெரிந்ததும் ஓடினாள்.

எமரென்சி டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

"பார்த்தீங்களா சிஸ்டர்? எத்தனை கள்ளத்தனம். நான் மாங்கு மாங்குன்னு கத்திக்கிட்டிருக்கேன், இவ எனக்கே கணக்குப் போட்டிருக்கா."

"பார்த்தேன்."

"இவ்வளவு மூளை இருக்கிறவ, போர்டுல இருக்கிற கணக்கைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஒரு நேரத்துல ஒரு கணக்குத்தான் போட முடியும், டீச்சர்."

அந்தப் பதில் டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி. நாளைக்கு வெள்ளிக்கிழமை. மதருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நாளைக்கு ஒரு நாள் யாரையும் எழுந்து நிக்கச் சொல்லாதீங்க. நீங்க பெஞ்சு பெஞ்சாப் போய் நோட்டைப் பாருங்க. சாயங்காலம் வந்து சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை எமரென்சி டீச்சர் போர்டில் கணக்கு எழுதினார். முப்பத்தெட்டு முறுக்கு இருக்கிறது. ஒரு டப்பாவில் ஐந்துதான் அடங்கும். எல்லா முறுக்கையும் வைக்க எத்தனை டப்பா வேண்டும்?

"முடிச்சவங்க எழுந்து..." என்று வாய் தானாகப் போயிற்று. டீச்சர் பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"யாரும் எழுந்திருக்க வேண்டாம். நான் வந்து பார்ப்பேன்."

வகுப்பு குழம்பியது. ஜோயல் பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றான்.

"டீச்சர், அப்ப யார் ஃபர்ஸ்ட்டுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே, உட்காருடா."

கடைசி பெஞ்சில் மாரிச்செல்வி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். எண்ணுவதற்கு ஒரு தலையும் எழவில்லை. கை வயிற்றுக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல், கடைசியில் அவள் போர்டைப் பார்த்தாள்.

டீச்சர் முதல் பெஞ்சிலிருந்து தொடங்கினார். ஒரு நோட்டு. இன்னொரு நோட்டு. மூன்றாவது பெஞ்சுக்கு வரும்போது அவர் முகம் சிவந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சிஸ்டரின் அறைக் கதவு படாரென்று திறந்தது.

"எழுபத்து மூணு டப்பாவாம், சிஸ்டர். முறுக்கே முப்பத்தெட்டுதான். ஒருத்தி எழுபத்து மூணு டப்பா கேட்கிறா. ஏழு ஈவு, மூணு மீதி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டா, முடிஞ்சுது கணக்கு."

சிஸ்டர் நாற்காலியைக் காட்டினார். டீச்சர் உட்காரவில்லை.

"ஒருத்தன் மூணு டப்பா. ஒருத்தன் முப்பத்தெட்டை அஞ்சால பெருக்கி வச்சிருக்கான். கேட்டா, 'டப்பா நிறைய வேணும்ல டீச்சர்'ங்கிறான். ரெண்டு வாரமா இதே பாடம்தான் நடத்தறேன். ஒவ்வொரு நாளும் அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க. அத்தனை பேரும்."

"நடுவுலயா?"

டீச்சர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாரிச்செல்வி என்ன எழுதியிருந்தா?"

"அவளும் தப்புத்தான். ஆனா எழுதியிருந்தா. டப்பா டப்பாவாப் படம் போட்டு ஒவ்வொண்ணுலயும் அஞ்சஞ்சு முறுக்கு. ஏழு டப்பா. எட்டாவது டப்பா போடாம மூணு முறுக்கு வெளியில கிடக்கு. 'ஏட்டி, இந்த மூணு எங்க போகும்?'னு கேட்டேன். 'தம்பிக்கு'ங்கிறா."

சிஸ்டர் இப்போது சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. நேத்து வரைக்கும் என் வகுப்புல ஒருத்திக்குத்தான் கணக்கு வராது. இன்னைக்குப் பதினாலு பேருக்கு வரலை. நல்ல வைத்தியம் சொன்னீங்க."

"பதினாலு பேரா?"

"ஒவ்வொண்ணா எண்ணிட்டுத்தான் வரேன்."

"அப்ப சரி. மதர்கிட்ட சொல்லி, பதினாலு பேரையும் கணக்குப் பீரியடுக்கு மூணாம் வகுப்புக்கு அனுப்பிடலாம்."

"என்ன சிஸ்டர், விளையாடறீங்களா? பாதி வகுப்பை எங்க கொண்டுபோய் அடைக்க? அந்த டீச்சர் என்னை உயிரோட விடுவாளா?" எமரென்சி டீச்சர் ஒருவழியாக நாற்காலியில் விழுந்தார். கை தன்னை அறியாமல் கடலைப் பொட்டலத்துக்குப் போனது. "நான்தான் திங்கட்கிழமை நிஜ முறுக்கும் நிஜ டப்பாவும் கொண்டு வரணும். கையில கொடுத்து, அடுக்கச் சொல்லி, முதல்ல இருந்து சொல்லிக்கொடுக்கணும். என் பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்காம வேற யார் வந்து சொல்லிக்கொடுப்பா?"

வராந்தாவில் மதரின் செருப்புச் சத்தம் கேட்டது. நெருங்கி வந்து வாசலில் நின்றது.

"எமரென்சி டீச்சர், இன்னைக்குச் சொல்றேன்னீங்களே. அந்தப் பிள்ளையை அனுப்பணுமா, வேண்டாமா?"

சிஸ்டர் ஒரு கடலையை உரித்தார். தலையை நிமிர்த்தாமல், டீச்சருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஒருத்தியா இருந்தப்போ இது ஏன் தோணலை, டீச்சர்?"

மதர் வாசலில் காத்திருந்தார். எமரென்சி டீச்சரின் கையில் கடலை உரிபடாமல் இருந்தது.