ரெஜினா பாடாத ரெஜினா பாட்டு

குருவுக்கு வயசு இருவத்திரண்டு. சீடனுக்கு அம்பத்திநாலு. சிரிக்காதீங்க, நடந்தத நடந்தபடி சொல்லுதேன்.

குரு பேரு டெல்பின். தூத்துக்குடியில ஜெராக்ஸ் கடை மாடியில, கம்ப்யூட்டர்ல பாட்டு பண்ணச் சொல்லிக்குடுக்கிற பொண்ணு. சீடன் மிக்கேல் அண்ணாச்சி, உப்பு லாரி டிரைவரு. கியர் போட்ட கையால கீபோர்டு வாசிக்கப் பழகுனவரு.

அன்னைக்கு அண்ணாச்சி பேயறைஞ்ச மாதிரி வந்து நின்னாரு.

"குருவே, கம்ப்யூட்டரு எம் பொண்டாட்டிய முழுங்கிட்டு!"

"மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி. செரிக்கிறதுக்குள்ள எடுத்துருவோம்."

நேத்து கோயில்ல கொடியேத்தம். அண்ணாச்சி மெட்டுப் போட்ட மாதா பாட்டு. பாடுனது அவரு பொண்டாட்டி ரெஜினா. அந்தம்மா பாடுன மொதப் பாட்டு. தெருவே புதுச்சேல கட்டிக்கிட்டு கேக்க வந்துருச்சு. மைக்செட்டுல போட்டா, டொய்ங் டொய்ங்னு கீபோர்டு மட்டும். நாலு நிமிசம். ரெஜினா குரலு ஒரு சொட்டு இல்ல.

"அக்கா திட்டுனாகளா?"

"திட்டுனாத்தான் நிம்மதியா இருந்திருக்குமே! 'ஃபைல கோயில்ல குடுக்குறதுக்கு முன்னால கேட்டுப் பாத்தீங்களா'ன்னு ஒரே கேள்வி. 'மூணு தடவ கேட்டேன் புள்ள, அம்சமா இருந்துச்சு'ன்னேன். அதுல இருந்து பேச்சில்ல. காப்பி டம்ளரு மட்டும் ணங்குன்னு பேசுது. இன்னைக்கு சாயங்காலம் பாட்ட மறுபடி போடுதாங்க. அவ கோயிலுக்கே வரலையாம்."

அண்ணாச்சி கொண்டாந்த லேப்டாப்ப குரு தெறந்து பாட்ட ஓட விட்டா. டொய்ங் டொய்ங்.

"பாத்தீங்களா குருவே, வைரஸ்!"

குரு விரல நீட்டுனா. ஸ்கிரீன்ல, கீபோர்டு சத்தம் பதிஞ்ச வரிசையில எஸ்ஸுன்னு ஒரு குட்டி பட்டன் மஞ்சளா எரியுது.

"இத யாரு அமுக்குனா?"

"நாந்தான். என் வாசிப்பு மட்டும் தனியா எப்படியிருக்குன்னு கேக்க."

"கேட்டப்புறம் அணைச்சீங்களா?"

அண்ணாச்சி மேல ஃபேனப் பாத்தாரு.

"எஸ்ஸுன்னா சோலோ, இது எரிஞ்சா மத்த எல்லாரும் வாய மூடிக்கிடுவாங்க. ஃபைலா எடுத்தாலும் அப்படியேதான் வரும்."

குரு பட்டன அமுக்குனா. மஞ்ச அணைஞ்சுது. ரெஜினா குரலு ரூம் பூரா ரொம்பிச்சு. அண்ணாச்சி நாற்காலியோட எந்திரிச்சிட்டாரு.

"அடப்பாவி, ஒத்த பட்டனா! இதுக்கா நான் ராத்திரி சோறு திங்கல?"

புது ஃபைலு பென்டிரைவுல ஏறிச்சு. வாசல் வரைக்கும் போன அண்ணாச்சி திரும்புனாரு.

"குருவே, குரலு வந்துட்டு. அவ பேச எந்தப் பட்டன அமுக்கணும்?"

குரு அவர உள்ள கூப்பிட்டு உக்கார வச்சா. எஸ்ஸ மறுபடி எரிய விட்டா. ஹெட்போன அவரு காதுல மாட்டி, பாட்ட ஓட விட்டா.

அண்ணாச்சி அலறுனாரு.

"ஐயையோ, மறுபடியும் அவ குரலக் காணோமே!"

"அதுக்குள்ள தெரிஞ்சிருச்சா?"

"என்ன குருவே, மொத வரியிலயே தெரியாதா? முப்பது வருசமா கேக்குற குரலு!"

"வீட்டுல மூணு தடவ கேட்டீங்களே அண்ணாச்சி. அதுல எத்தனாவது தடவ தெரிஞ்சுது?"

அண்ணாச்சி காதுல டொய்ங் டொய்ங்னு அவரு வாசிப்பு ஓடிக்கிட்டே இருந்துச்சு.