எட்டிப் பார்த்த சுரும்பாயி

கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்காருங்கள். யார் யாரை இடித்தார்கள் என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இது ராஜாக்கள் கோட்டை கட்டப் பழகுவதற்கு முந்திய காலத்துக் கதை. அப்போதே ஒரு கத்தரிக் கொல்லை வரப்பில் இரண்டு பேர் மண்ணைக் குடைந்து வீடு கட்டியிருந்தார்கள்.

இரண்டு பேரும் தேனீக்கள். தேனீ என்றதும் சப்புக்கொட்டாதீர்கள். இவர்களுக்கு ராணி கிடையாது, கூட்டம் கிடையாது, சேர்த்துவைத்த தேனும் கிடையாது. வயிற்றில் நீல வரி ஓடும் மண் தேனீக்கள். அவளவளுக்குத் தனி வளை, தனிப் பாடு. ஆண்களா? சாயங்காலமானால் புல் தண்டை வாயால் கவ்விக்கொண்டு தூங்குவார்கள், அதோடு சரி.

மூத்தவள் பெயர் சுரும்பாயி. பக்கத்து வளைக்காரி செவந்தி. அந்த வருஷ மழையில் வரப்பு உடைந்து, சுரும்பாயி முட்டையிட்டு மூடியிருந்த மூன்று அறைகளும் தண்ணீரோடு போய்விட்டன. ஒரு சாண் தள்ளியிருந்த செவந்தி வீட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை. சுரும்பாயிக்கு வயிறு எரிந்தது. எனக்கே எரிந்திருக்கும்.

அவள் இறகு நைந்துவிட்டது. வயிற்றில் மிச்சம் ஒரே ஒரு முட்டை. புதிதாக வளை தோண்டினாள், உள்ளே ஓர் அறை செய்தாள், ஈரம் ஏறாமல் சுவரில் தன் உடம்பு மெழுகைப் பூசினாள். இனி கத்தரிப் பூவை உலுக்கி மகரந்தம் கொண்டுவந்து, தேன் விட்டுக் குழைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூட வேண்டும். மூடினால் அவள் ஆயுசும் முடிந்தது. பிள்ளை முகத்தைப் பார்க்கும் கொடுப்பினை மண் தேனீக்குக் கிடையாது.

வரப்போரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குயில் தேனீ. அவள் தோண்டவும் மாட்டாள், சுமக்கவும் மாட்டாள். வீட்டுக்காரி அசந்தால் உள்ளே புகுந்து தன் முட்டையை வைத்துவிடுவாள். அதில் வரும் புழு வீட்டுப் பிள்ளையைக் கொன்று, அதன் சோற்றைத் தின்னும். வீட்டுக்காரி சட்டென்று திரும்பி வந்தால் மட்டும் அவளுக்குத் துணிச்சல் வராது.

முதல் நடை மகரந்தம் கொண்டுவந்த சுரும்பாயி, நேரே தன் வீட்டுக்குப் போகவில்லை. செவந்தி வளையை எட்டிப் பார்த்தாள். 'இவளுக்கு மட்டும் இவ்வளவு எங்கே கிடைக்கிறதோ' என்று வெந்தாள். குயில் தேனீ சுரும்பாயி வளைப் பக்கம் ஓரடி நகர்ந்தாள்.

இரண்டாம் நடையிலும் எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து செவந்தி சொன்னாள்: "அக்கா, உங்க வாசல் தொறந்து கெடக்கு. போய்ப் பாருங்க."

"என் வாசல் எனக்குத் தெரியும். நான் பாத்தா உன் சோறு கொறஞ்சிடுமா?"

குயில் தேனீ சுரும்பாயி வாசலுக்கே வந்துவிட்டாள்.

மூன்றாம் நடையில் சுரும்பாயி, செவந்தி மூடிவைத்த அறைகளை எண்ணத் தொடங்கினாள். நான்கு. எண்ணியும் ஆறவில்லை, மறுபடி எண்ணினாள். செவந்தி பதறி வெளியே வந்தாள்.

"அக்கா, யாரோ உங்க வீட்டுக்குள்ள போறா. ஓடுங்க."

"என்னைத் தொரத்தணும்னா நேரா சொல்லு. பொய் எதுக்கு?" என்ற சுரும்பாயி, வீம்புக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றாள்.

வீடு திரும்பினால் வைத்தது வைத்தபடி இருந்தது. சுவரோரம் ஒளிந்திருந்த சின்ன முட்டை அவள் கண்ணில் படவில்லை. "பொய்க்காரி" என்று முணுமுணுத்தபடி தன் கடைசி முட்டையை இட்டு, செவந்தி வீட்டை விட அழகாக வாசலை மூடினாள். இரண்டு நாளில் கத்தரிச் செடிக்கடியில் திருப்தியாகச் செத்தும் போனாள். அந்தத் திருப்தியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறு வருஷம் செவந்தி வளையிலிருந்து நான்கு நீல வரிக்காரிகள் மண்ணை உதறிக்கொண்டு வந்தார்கள். சுரும்பாயி வளையிலிருந்து ஒருத்தி வந்தாள். குயில் தேனீ. வந்தவள் வரப்போரம் உட்கார்ந்து, செவந்தி மகள் தோண்டிய புது வளையை எட்டிப் பார்த்தாள்.

அடுத்தவர் வாழ்வைப் பார்த்துப் பொறாமையில் நிற்கிறவர், தன் வீட்டுக்கு வரும் கேட்டையும் பார்ப்பதில்லை, அதைச் சொல்ல வருகிறவரையும் நம்புவதில்லை.