தேரை கட்டிய ஆமை வீடு

முதலில் கொக்கு வந்து செம்பரைக் குளத்தின் வடகரையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதாகக் காட்டெருமை ஒன்று தேரையின் வளைமேல் உட்கார்ந்து எழுந்து போனது, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மூன்றாவதாகப் பன்றிக் கூட்டம் தென்கரைச் சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கையெல்லாம் தின்று தீர்த்தது. நான்காவது கொடுமைதான் எல்லாவற்றிலும் பெரியது. வெயில்! மூன்று கோடை தொடர்ந்து காய்ந்து குளத்தைக் குட்டையாக்கியது. தேரையின் முதுகை அப்பளமாக்கியது.

இந்த நான்கையும் எதிர்த்துப் போராடியது இடிமுழக்கன் என்ற கிழட்டுத் தேரை. தாமரை இலையில் முள்ளால் கீறித் துண்டறிக்கை எழுதும். தவளைகளைக் கூட்டித் தீர்மானம் போடும். ஊர்வலம் நடத்தும்.

பலன்? கொக்கு இன்னும் வடகரையில்தான் நிற்கிறது. எருமை துண்டறிக்கையை இலையோடு தின்றுவிட்டது. பன்றிகளுக்குப் படிக்கத் தெரியாது. வெயிலுக்குத் தீர்மானம் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை.

"வெற்றி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்!" என்று தேரை ஆண்டுதோறும் அறிவிக்கும். அறிவித்துவிட்டு வளைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்து பெருமூச்சு விடும்.

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மேட்டுக் கரட்டிலிருந்து இறங்கிய வெள்ளம் ஒரு நட்சத்திர ஆமைக் குட்டியை அடித்துவந்து குளக்கரையில் ஒதுக்கியது. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். ஓடு இன்னும் இறுகவில்லை. காக்கை கொத்தினால் கதை முடிந்துவிடும். அதன் பெயர் சில்லு.

தேரையின் நெஞ்சு விம்மியது. வீடிழந்த ஏழை! அதுவும் எதிர்த்துப் பேசாத ஏழை! ஒரு போராட்டமாவது ஜெயித்தாக வேண்டும் என்று அது காத்திருந்ததே, அந்த நாள் வந்துவிட்டது!

"தோழர்களே! கூடுங்கள்!" என்று கத்தியது.

குளத்துக்குப் பக்கத்தில் வனக்காவலர்கள் விட்டுப்போன பழைய கொட்டகை ஒன்று இருந்தது. நான்கு மண் சுவர், ஒழுகாத கூரை, கிழக்கே ஒரு சன்னல். மழை ஓய்ந்து ஓடு இறுகும்வரை சில்லு அங்கே தங்குவது என்று முடிவாயிற்று. வீட்டை எப்படி அமைப்பது? தேரை கல்மேல் ஏறியது.

"முதல் தீர்மானம்! வெயில் நம் பரம்பரை எதிரி. ஆகவே, சன்னலைச் சேற்றால் அடைக்கிறோம்!"

"அடைக்கிறோம்!" என்றன தவளைகள்.

"இரண்டாம் தீர்மானம்! தரை முழுக்க முழங்கால் அளவு சேறு! மூன்றாம் தீர்மானம்! மூன்று வேளையும் கொசு!"

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றது சில்லு. "வெயில்..."

"பயப்படாதே பாப்பா! ஒரு கதிர்கூட உள்ளே வராது!"

"அது இல்லைங்க ஐயா, எனக்கு..."

"பயனாளி நன்றியுரையிலே பேசலாம்! இப்போ தலைமையுரை!"

தலைமையுரை மூன்று மணி நேரம் நடந்தது. நன்றியுரை வருவதற்குள் தவளைகள் சாப்பிடப் போய்விட்டன. கூட்டம் அப்படியே முடிந்தது.

இரண்டே நாளில் வீடு தயார். கும்மிருட்டு. சொதசொதவென்று தரை. சுவரெல்லாம் பாசி மணம். தேரை உள்ளே போய் ஒரு மூலையில் அமிழ்ந்து பார்த்தது. ஆகா! வயிற்றுக்கு என்ன குளுமை! வாழ்நாள் முழுக்க அது கேட்டுக் கிடைக்காத வளை இதுதான்.

'எனக்கே இவ்வளவு பிடித்திருக்கிறதே, குட்டிக்கு எப்படி இருக்கும்!' என்று பூரித்துப்போனது. வாசலில் இலை ஒன்றைத் தொங்கவிட்டது: 'போராடிப் பெற்ற இல்லம். கட்டியவர்: ஈரவளைக் காவலர், கரைகண்ட போராளி, இடிமுழக்கனார்.'

ஐந்தாம் நாள் தேரை நலம் விசாரிக்க வந்தது. சில்லு கொசுவைத் தொடவே இல்லை. கண்கள் வீங்கி மூடியிருந்தன. மூக்கில் சின்னச் சின்ன நுரை. மூச்சு 'கீச் கீச்' என்றது.

"பார்த்தீங்களா!" என்று தேரை தவளைகளிடம் சொன்னது. "நன்றியிலே தொண்டை அடைச்சுப்போச்சு! கண்ணெல்லாம் கலங்கியிருக்கு!"

அப்போது மழைக்கு ஒதுங்கக் கௌதாரி ஒன்று உள்ளே வந்தது. மேட்டுக் கரட்டில் வாழும் பொன்னாத்தா. ஒரு காலைச் சேற்றில் வைத்ததும் துள்ளிப் பின்வாங்கியது.

"அடப் பாவி மனுஷா! இது ஆமைக்குக் கட்டின வீடா, இல்லே உனக்கே கட்டிக்கிட்டதா?"

"நான் மனுஷன் இல்லை, தேரை! நீங்க எந்த இயக்கம்?" என்றது தேரை, மார்பை நிமிர்த்தி.

"நான் எந்த இயக்கமும் இல்லே. இந்தப் பிள்ளையோட பக்கத்துப் புதர், அவ்வளவுதான். இது காஞ்ச மண்ணிலே பொறந்த ஜாதி. வெயில் காஞ்சாத்தான் தின்னது செரிக்கும். ஈரத்திலே போட்டா நெஞ்சிலே சளி கட்டும். கட்டியிருக்கு, பாரு! இன்னும் ரெண்டு நாள் இப்படியே கிடந்தா செத்துப்போயிடும்."

தேரை ஏறிநின்று பேசக் கல்லைத் தேடியது. "அப்படின்னா... செயற்குழுவைக் கூட்டி..."

"நீ குழுவைக் கூட்டுறதுக்குள்ளே பிள்ளை போயிடும்யா!"

தேரை மெல்லத் தத்திக் குட்டியின் அருகே போனது. குனிந்தது. "பாப்பா, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டது.

தன் வாழ்நாளில் அது யாரிடமும் கேட்காத கேள்வி. அதனிடம் எப்போதும் பதில்கள்தான் இருந்தன.

"வெயில் வேணும் ஐயா," என்றது சில்லு, கண்ணைத் திறக்காமல். "காஞ்ச மண்ணு வேணும். சூடு தாங்கலேன்னா ஒளிஞ்சுக்க ஒரு இடம். தின்ன தழை. அன்னிக்கே சொல்ல வந்தேன்..."

தேரை சன்னலுக்கு ஏறியது. தீர்மானப்படி பூசிய சேறு நன்றாக இறுகியிருந்தது. அதன் இயக்கத்தில் உறுதியாக அமைந்த காரியம் அது ஒன்றுதான்! தலையால் முட்டியது. காலால் பிறாண்டியது. பொழுது சாயும்போது சேறு பெயர்ந்து விழுந்தது. கூடவே தேரையும் விழுந்தது.

பொன்னாத்தா தரைச் சேற்றையெல்லாம் வாரி வெளியே தள்ளியது. தவளைகள் கூரைக்கடியிலிருந்த கறையான் புற்றை உடைத்து, உலர்ந்த மண்ணைக் கொண்டுவந்து பரப்பின. சன்னலுக்கு நேரே ஒரு தட்டைக் கல். எதிர் மூலையில், சருகு நிரப்பிய பானை ஓடு ஒன்றைக் கவிழ்த்து ஒரு மறைவிடம். நடுவே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர்.

"நிரப்பிடலாமா?" என்று தேரை ஆசையாகக் கேட்டது.

"மூக்கு முழுகிடும்! தாடை நனையுற அளவு போதும்," என்றது பொன்னாத்தா.

மறுநாள் காலை மேகம் விலகியது. சன்னல் வழியே வெயில் கல்மேல் விழுந்தது. குட்டியால் நடக்க முடியவில்லை. தேரைதான் பின்னாலிருந்து தள்ளித் தள்ளிக் கல்மேல் ஏற்றியது. பரம்பரை எதிரி அதன் முதுகைச் சுட்டுப் பொசுக்கியது. தேரை பல்லைக் கடித்தது. பல் இல்லாததால் ஈறுகளைக் கடித்தது.

எட்டு நாள் இப்படி. காலையில் வெயில், உச்சிப்பொழுதில் மறைவிடம், இடையே சிரட்டைக் குளியல். அருகம்புல்லும் மூக்கிரட்டைக் கீரையும் வந்தன. ஓடு இறுக நத்தைக் கூட்டைப் பொடித்துத் தழையில் தூவியது பொன்னாத்தா. குட்டி எதையும் தொடவில்லை. தேரையும் சாப்பிடவில்லை; கேட்டால் உண்ணாவிரதம் என்றது.

ஒன்பதாம் நாள் காலை 'கறுக்' என்று ஒரு சத்தம். சில்லு கீரையைக் கடித்திருந்தது! கண் திறந்திருந்தது. மூக்கில் நுரை இல்லை.

தேரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

"அழுவுறீங்களா அண்ணே?" என்றது ஒரு தவளை.

"கறையான் மண்ணு, கண்ணிலே விழுந்துடுச்சு! போய் வேலையைப் பாரு!"

அன்று மாலையே தவளைகள் கூட்டம் கூட்டின. குட்டியைச் சாகக் கொடுக்க இருந்தது யார்? கண்டனத் தீர்மானம் போட்டாக வேண்டும்! தேரை இலையில் எழுதி முடித்தது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அண்ணே, மழை மேலே போட்டுடலாமா?" என்று ஒரு தவளை கிசுகிசுத்தது.

"மழையையா? நாம தவளைடா, வெட்கமா இல்லே?" என்றது இன்னொன்று. "கௌதாரி மேலே போடுங்கண்ணே. அது வெளியூருதானே! நாளைக்கே கரட்டுக்குப் போயிடும்!"

தேரை யோசித்தது. உண்மையாகவே யோசித்தது, அதை மறைப்பதற்கில்லை. முள் ஒருமுறை 'கௌ' என்றுகூடக் கீறிவிட்டது. அப்போது முதல் வரிசையில் சில்லு கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்த்தது. தேரை அந்த எழுத்தைச் சுரண்டி அழித்தது.

பிறகு கல்மேல் ஏறியது. சாட்சிக்கு எல்லாரும் இருந்தார்கள்: தவளைகள், பொன்னாத்தா, கீரை மென்றுகொண்டிருந்த சில்லு.

"ஈரமும் இருட்டும் தனக்குப் பிடிக்கும் என்பதற்காக, காய்ந்த மண்ணில் பிறந்த குட்டியைச் சேற்றில் போட்டு, வெயிலை அடைத்து, அது வாய் திறந்தபோது வாயையும் அடைத்த குற்றவாளியை இந்தக் கூட்டம் கண்டிக்கிறது," என்று தேரை வாசித்தது. பட்டம் எதையும் அது சேர்க்கவில்லை. "பெயர்: இடிமுழக்கன்."

யாருக்காகப் போராடுகிறோமோ அவரிடமே 'உனக்கு என்ன வேண்டும்?' என்று முதலில் கேட்காதவர், எவ்வளவு உரக்கக் கத்தினாலும் தமக்காகத்தான் கத்துகிறார்.