அம்மிக்கல் மேல் ஏறிய சிடி பிளேயர்

சென்னியப்பண்ணன் புளுகுவார்னு எங்க வீதியில எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஞாயித்துக்கிழமை அவர் புளுகினதுக்குக் காரணம் இருந்துது. அவரோட சிடி பிளேயர் ஹால்ல ஜன்னலோரம் உக்காந்திருந்துது. அந்த எடம் அவர் சம்சாரம் ருக்மணியக்காவுக்கு வேணும். சமையக்கட்டு இருட்டுல ரவிக்கை தச்சுத் தச்சு அக்காவுக்குக் கண்ணு வலிக்குது.

"இந்தப் பொட்டியில பாட்டு வேற மாதிரி கேக்குதுன்னு ரெண்டு பேர் சொல்லட்டும், நான் வாயைத் தொறக்கல. இல்லைன்னா பொட்டி பரணுக்கு, தையல் மிஷின் ஜன்னலுக்கு"ன்னு சொல்லிப்போட்டாங்க.

அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரன் நான். இன்னொருத்தர் எதிர்வீட்டுப் பொங்கியண்ணன், மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணால பாத்தாலும் தொட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவார்.

"சும்மா சிடியப் போட்டுக் கேக்கறவன் காதிருந்தும் செவுடன்"னு ஆரம்பிச்சார் சென்னியப்பண்ணன். "மொதல்ல சிடிய ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வெக்கோணும். பாட்டு இறுகிக் கெட்டியாகும்."

"குளுருல தொண்டை கட்டிக்காதா?"ன்னார் பொங்கியண்ணன்.

"இது நாதஸ்வரம்ங்கண்ணா. தொண்டைக்கு எங்க போறது? குறுக்க பேசாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். அப்புறம் சிடி விளிம்பைச் சுத்தி பச்சை ஸ்கெட்ச் பேனால வரையோணும். உள்ள இருக்கற வெளிச்சம் வெளிய ஒழுகாது. நான் வரைஞ்ச அன்னிக்கு, கச்சேரியில மொத வரிசையில உக்காந்தவன் ஆரஞ்சுப்பழம் உரிக்கறது கேட்டுது. எண்ணினேன். பதினோரு சுளை."

"கொட்டை?"

"ஒருத்தருக்கு ஒரு நாள்ல எவ்வளவுதான் கேக்கும்? நாயமா பேசுங்க."

பிளேயருக்கு அடியில அம்மிக்கல் கெடந்துது. அக்காவோட அம்மி. சட்னிக்கு வெச்சிருந்ததை அசையாம இருக்கட்டும்னு தூக்கிட்டு வந்துட்டார்.

"பொட்டி இம்மி அசைஞ்சாலும் சத்தம் கலங்கிரும் தம்பி"ன்னு எங்கிட்டத் திரும்பினார். "போன மாசம் அம்மி மேல வெச்சதும் தவில் விழுந்துது பாரு ஒரு அடி, இருபது மைல் தள்ளி கோபியில மாங்கா உதுந்துது."

"போன மாசம் எங்கடா மாங்கா?"

"அதானுங்கண்ணா நானும் ஆச்சரியப்பட்டேன்!"

எனக்கு சிரிப்பு தாங்கல. அவர் நிறுத்தற ஆளா? வயரை ஒருநாள் தலைமாத்திச் சொருகிட்டாராம். கச்சேரி மங்களத்துல ஆரம்பிச்சு, கடைசியா வித்வான் கார்ல ஏறி ரிவர்ஸ்லயே வீட்டுக்குப் போயிட்டாராம்.

"இதெல்லாம் விடுங்க. உயிர்நாடி கரண்ட்டு. நிலக்கரி கரண்ட்டுல வாசிச்சா பாட்டுல புகை நாறும். அணைத்தண்ணி கரண்ட்டு குளுகுளுன்னு இருக்கும். காத்தாடி கரண்ட்டு வந்துதுன்னா நாதஸ்வரக்காரர் மூச்சே வாங்கமாட்டார்."

பொங்கியண்ணன் துள்ளி எந்திரிச்சார். "முப்பது வருசம் கம்பத்துல ஏறினவன்டா நான்! எல்லாம் ஒரே கம்பியிலதான்டா வருது!"

"கம்பி ஒண்ணுதான். காது வேற"ன்னு சொல்லிட்டு, சென்னியப்பண்ணன் ஃபேனை நிறுத்தினார், லைட்டை நிறுத்தினார், சமையக்கட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜையும் நிறுத்தினார். கரண்ட்டு சுத்தமா பொட்டிக்கு மட்டும் வரணுமாம்.

"ஏனுங்க மாமா, இட்லி மாவு புளிச்சுப் போகும்!"ன்னு அக்கா ஃப்ரிட்ஜைப் பாக்க ஓடினாங்க.

இவர் திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினார். பிளேயர்ல இருக்கற எழுத்து விளக்கையும் அணைச்சார். அந்த வெளிச்சம்கூட சுருதியைக் கெடுக்குமாம். "சிடி தட்டைத் தொறந்து பாக்காதீங்க, காத்தாலயே போட்டுட்டேன். எல்லாரும் கண்ணை மூடுங்க. வால்யூம் கம்மிதான், ஒசந்த சத்தம் கத்தாது"ன்னு ரிமோட்டை அமுக்கினார்.

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. "இதுதான் வித்வான் யோசிக்கற சத்தம்"னார்.

அப்புறம் சன்னமா நாதஸ்வரம் வந்துது. அடடா! அப்படியே உருண்டு, கணீர்னு ஒரு சுத்து சுத்தி வந்துது. சத்தியமாச் சொல்றேன், எனக்கே அந்த ஆரஞ்சுக்காரன் கேட்டான். பொங்கியண்ணன் தொடையில தாளம் போட்டார். "ஒத்துக்கறேன்டா சென்னியப்பா, இது வேற சத்தம்தான்! காத்தாடி கரண்ட்டேதான்!"னுட்டார். நானும் ஆமான்னேன்.

"ருக்மணி! ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க! பரணை மறந்துரு!"ன்னு சென்னியப்பண்ணன் கத்தினார்.

அக்கா நிதானமா வந்து ஜன்னலைத் தொறந்தாங்க. கையில ஒரு சிடி, மேலெல்லாம் உறைபனி, விளிம்புல பச்சைக் கோடு.

"மாவை எடுக்கப் போனேனுங்க. ஃப்ரீசரையும் தொறந்தா, இது மீன் பொட்டலத்துக்கு அடியில இருந்துது. ராத்திரி வெச்சதை எடுக்கவே இல்லீங்களா?"

நாதஸ்வரம் மட்டும் நிக்காம வாசிச்சுட்டே இருந்துது. சென்னியப்பண்ணன் முகம் ஒரு நொடி செத்துப்போச்சு, மறுநொடியே மலர்ந்துது. "பாத்தீங்களா! சிடியே இல்லாம பாடுது என் பொட்டி! உலகத்துல எவன்கிட்ட இருக்குது?"

அக்கா சமையக்கட்டுக்குள்ள போனாங்க. நாதஸ்வரம் டக்குனு நின்னுது. திரும்பி வந்தப்ப கையில ஒரு எவர்சில்வர் சொம்பு, அதுக்குள்ள அவங்க செல்போன்.

"சிடி மேல பேரைப் பாத்தேன், அதே கச்சேரி இதுல இருந்துது. சொம்புல போட்டா கணீர்னு கேக்கும்"னாங்க. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பாத்து, "தையல் மிஷினை ஆளுக்கொரு பக்கம் புடிங்க. அம்மியை மாமா தூக்கிட்டு வரட்டும்."